ஏத்தப் போறன்

கல்லுண்டாய் வெளியில், மதகுக்குப் பக்கத்தில்,
ஐந்தேகாலுக்கு மோட்டார்சைக்கிளை நிறுத்துகிறேன்.
இன்சூரன்ஸ் கம்பனிச் சட்டை இன்னும் உடம்பில்.
பகல் முழுக்க மற்றவர்களின் விபத்துகளைப்
படிவங்களில் நிரப்பிய கை
பையைத் திறந்து
நான்கு இறக்கைகளையும் விரிக்கிறது.

ஒரு றாத்தல் பாணில் பாதிப் பாரம்.
பற்றரி இருபத்திரண்டு நிமிடம்.
சோளகம் அடித்தால் பதினேழு.

நித்திரை வராத இரண்டாவது வருடத்தில்
டொக்டர் கேட்டார்:
"விருப்பமா ஏதும் செய்யிறனீங்களோ?"
"லோன் கட்டுறனான்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

தவணைக்குத்தான் இதையும் வாங்கினேன்.
சின்னப்பிள்ளை விளையாட்டு என்றாள் சுபாங்கி.
அவளுக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு:
இந்தச் சத்தம் எனக்கு முன்பே தெரியும்.
பதினாறு வயதில், மாத்தளன் மணலில்,
தறப்பாளுக்கு மேலே இரவும் பகலும்
இதே இரைச்சல்தான். வண்டு என்போம்.
வண்டு வந்தால் கொஞ்ச நேரத்தில் மற்றது வரும்.
மற்றது என்னவென்று
இதில் எழுதமாட்டேன்.

அந்த வண்டுக்கும் யாரோ ஒருவரின் விரல் இருந்திருக்கும்.
இந்த வண்டுக்கு என் பெருவிரல்.
நில் என்றால் நிற்கிறது.
போ என்றால் போகிறது, பண்ணைப் பக்கமாக.
முதல் நாள் முதுகெல்லாம் வியர்வை.
மூன்றாம் கிழமை, இறக்கி முடித்ததும்
பசித்தது.
மதகடியில் விற்ற கடலைச் சுருளை
நின்ற நிலையில் தின்றேன்.
அன்றிரவு நாலு மணித்தியால நித்திரை.

மனசுக்கு அது என்ன செய்கிறது என்று கேட்டால்
சரியாகச் சொல்லத் தெரியாது.
திரையில், மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில்,
அரிசிமணியளவில் ஒரு ஆள் நிற்கிறான்.
இவ்வளவு கவலையையும்
இவன் எதற்குள் வைத்திருக்கிறான் என்று தோன்றும்.

ஆவணியோ புரட்டாதியோ, ஒரு நாள்
கரையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி விட்டேன்.
முழங்கால் தண்ணீரில் ஒருவர்
வலை இழுத்துக்கொண்டிருந்தார்.
வடிவாயிருந்தது. கிட்டப் பார்க்க இறக்கினேன்.

வலையை விட்டார்.
கழுத்துவரை தண்ணீருக்குள் குந்தினார்.
இரண்டு கையும் தலைக்கு மேலே.

படம் நல்ல துல்லியம்.
விரல்களை எண்ணலாம்.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ.
பற்றரி குறைகிறதென்று அது கத்திய பிறகுதான்
வீடு திரும்பும் பொத்தானை அழுத்தினேன்.
எழும்பின இடத்துக்கே வந்து இறங்கும்.
இறங்கியது.
எனக்குத்தான் கால் எழும்பவில்லை.

மறுநாள் நாவாந்துறையில் தேடிப் பிடித்தேன்.
பொனிப்பாஸ் என்று பெயர்.
ரிமோட்டைக் கையில் பிடித்துப் பாருங்கோ என்றேன்,
எனக்குச் சுகப்பட்ட மருந்தை
அடுத்தவர் வாயிலும் ஊற்றப் பார்க்கும் அவசரத்தில்.
வேண்டாம் என்று வலைக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு:
"உமக்கு அது விளையாட்டில்லை எண்டு விளங்குது.
ஏத்த முந்தி ஒருக்கா அடிச்சுச் சொல்லும்.
தெரிஞ்சு வாற சத்தம் வேற."

இப்போது ஐந்தேகாலுக்கு ஃபோன்.
"அண்ணை, ஏத்தப் போறன்."
"ஓம்."
அவர் எடுக்காத நாளில் பை திறபடாது.
சில நாள் அந்த "ஓம்" நீளும்:
இறாலின் விலை,
வலை நிறையச் சொறி,
மழைக்கு முதல் வரும் முழங்கால் நோவு.
சில நாள் இருபத்திரண்டு நிமிடமும்
அதிலேயே போய்விடும்.

இன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது.
முதல் துளி திரையில் விழுந்தது.
ஏற்ற வழியில்லை. ஆனாலும் அடித்தேன்.
"அண்ணை, இண்டைக்கு ஏத்தேல்லை."
"அதுக்கேன் எனக்குச் சொல்லுறீர்?" என்றார்.

ஃபோனை வைக்கவில்லை.